பதினான்கு ஃபிரேம்களில் ஒரு சைக்கிள்

சிங்கப்பூரின் அங் மோ கியோ வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஒரு மளிகைக் கடை இருக்கிறது. கடை வரிசைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை. போன மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா அங்கே சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும் வாங்கிக்கொண்டு, தூணைத் தாண்டிக் கால் வைத்த நேரத்தில், பக்கவாட்டில் வந்த ஒரு சைக்கிளின் கைப்பிடி அவர் பையில் மாட்டி இழுத்தது. அம்மா விழவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டார். முழங்கையில் சிராய்ப்பு. வெங்காயம் நடைபாதை முழுக்க உருண்டது. சைக்கிளில் வந்த இளைஞர் இறங்கி, இரண்டு முறை "சாரி ஆன்ட்டி" சொல்லி, பையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் சீட்டுக்குப் பின்னால் சாப்பாடு கொண்டுபோகிற பெரிய சதுரப் பெட்டி இருந்தது.

கடைக்கார அண்ணன் தன் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை எடுத்து எனக்கு அனுப்பினார். எனக்கு அனுப்பிய அதே நேரத்தில் புளோக் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார். மறுநாள் காலைக்குள் எல்லாரும் பார்த்தாகிவிட்டது. "வேகம் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் இருக்கும்" என்றார் ஒருவர். "ஐம்பதுக்குக் குறையாது" என்றார் இன்னொருவர். படத்தைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. சைக்கிள் அம்பு மாதிரி வருகிறது.

சிங்கப்பூரில் நடைபாதையில் சைக்கிளுக்கு மணிக்கு 10 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். 2019 பிப்ரவரிக்கு முன்னால் அது 15 ஆக இருந்தது. சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 வரை போகலாம். மின்சைக்கிளாக இருந்தால் கதையே வேறு. அது நடைபாதையில் ஏறவே கூடாது. மின்சைக்கிளுக்குப் பின்னால் பதிவு எண் தகடு இருக்க வேண்டும். ஆனால் இந்தப் படத்தில் பின்பக்கம் முழுக்கப் பெட்டி மறைத்திருந்தது, சக்கரத்தின் நடுவே மோட்டார் இருக்கிறதா என்பதும் தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே சாதாரண சைக்கிள் என்றே வைத்துக்கொண்டு, வேகம் எவ்வளவு என்று சரியாகச் சொல்ல முடிந்தால்தான் புகார் எழுதுவதில் அர்த்தம் என்று நினைத்தேன். நாற்பது என்று எழுதி, அது தப்பாக இருந்தால், ஒரு பையனுடைய பிழைப்பில் கைவைத்தது போல ஆகும். எழுதினால் நான் பொறுப்பேற்கக்கூடிய எண்ணை எழுத வேண்டும்.

கணக்கு என்னவோ பள்ளிக்கூடக் கணக்குதான். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். தூரத்துக்கு நடைபாதையின் டைல்கள் இருந்தன. சைக்கிள் ஓடிய திசையிலேயே வரிசையாகப் பதித்த சதுர டைல்கள், ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் என்று அண்ணன் சொன்னார். 20 டைல் என்றால் 6 மீட்டர். நேரத்துக்கு ஃபிரேம்களை, அதாவது வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் அசையாப் படங்களை, எண்ணினேன். விஎல்சி பிளேயரில் படத்தை நிறுத்திவிட்டு ஆங்கில E விசையைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். முன்சக்கரம் முதல் டைலின் ஓரத்தைத் தொட்டதிலிருந்து 20 டைல் தாண்டும் வரை 14 தட்டுகள். கோப்பின் விவரத்தில் நொடிக்கு 25 ஃபிரேம் என்று போட்டிருந்தது. 14-ஐ 25-ஆல் வகுத்தால் 0.56 நொடி. 6 மீட்டரை அதால் வகுத்தால் நொடிக்கு 10.7 மீட்டர். 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 38.6 கிலோமீட்டர்.

குழுவில் சொன்ன நாற்பதும் என் கணக்கும் ஒன்றாக வந்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அன்று இரவு புகாரைப் பாதி எழுதியும்விட்டேன்.

எழுதிக்கொண்டே படத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டதில்தான் ஒன்று உறுத்தியது. சைக்கிள் வருவதற்கு முன்னால் அம்மா கடையிலிருந்து இறங்கி நாலு எட்டு வைக்கிறார். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம். வலது காலை வைத்துவிட்டு ஒரு கணம் நின்றுதான் இடது காலைத் தூக்குவார். நாற்பது வருடமாகப் பார்க்கிற நடை. படத்தில் இருந்தது அந்த நடை இல்லை. விறுவிறுவென்று, பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி நடக்கிறார். அம்மா அப்படி நடந்து பத்து வருடம் ஆகிறது.

உடனே படத்தின் மூலையில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்தேன். பக்கத்தில் கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டேன். ஸ்டாப்வாட்சில் 10 நொடி போவதற்குள் படத்தின் கடிகாரம் 20 நொடியைத் தாண்டிவிட்டது. படம் இரட்டை வேகத்தில் ஓடுகிறது! குழுவில் எல்லாரும் பார்த்தது, நான் பார்த்தது, எல்லாமே இரண்டு மடங்கு வேகமாக ஓடும் படம்.

மறுநாள் கடைக்குப் போய் ரெக்கார்டரின் அமைப்புகளைத் திறந்து பார்த்தோம். நொடிக்கு 12 ஃபிரேம் என்று வைத்திருந்தது. கடைக்கு கேமரா மாட்ட வந்தவர், வட்டில் அதிக நாள் பதிவு தங்கட்டும் என்று அப்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் தப்பு எதுவும் இல்லை, நிறையக் கடைகளில் இப்படித்தான் இருக்கும். சிக்கல், பதிவைக் கோப்பாக எடுக்கும்போது நடந்திருக்கிறது. ரெக்கார்டரோடு வந்த மென்பொருள், உள்ளே 12 இருக்கிறதா 25 இருக்கிறதா என்று பார்க்காமல் கோப்பின் விவரத்தில் 25 என்று எழுதிவிடுகிறது. சிங்கப்பூரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், குழல்விளக்கின் மினுக்கம் படத்தில் வராமல் இருக்க கேமராக்களை 25-இல் ஓட்டுவது வழக்கம். அதனால் 25 என்ற எண்ணைப் பார்த்தபோது எனக்கு அது இயல்பாகத் தெரிந்தது.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: கோப்பு சொல்கிற ஃபிரேம் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், படத்துக்குள் ஓடும் கடிகாரத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரு நொடிக்கு மட்டும் எண்ணினால் போதாது. கடிகார எண் மாறுகிற ஃபிரேமிலிருந்து அடுத்து மாறுகிற ஃபிரேம் வரை எண்ணினால் எனக்கு 12, 12, 11, 13, 12 என்று வந்தது. முழு நிமிடத்துக்கு எண்ணினேன், 720-க்கு ஒன்று கூட வந்தது. ஆக சராசரி 12 என்பது உறுதி. எண்ணுவதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற நிரலைக் கொண்டு எல்லா ஃபிரேமையும் தனித்தனிப் படமாகப் பிரித்துக்கொண்டேன். அதில் ஒரு எச்சரிக்கை உண்டு. சும்மா விட்டால் அந்த நிரல் சில நேரம் ஃபிரேம்களை இரட்டிக்கவோ விடவோ செய்யும். உள்ளதை உள்ளபடி எடு என்று கட்டளையில் சொல்லிவிட வேண்டும்.

கடிகாரத்தின் மேல் முழு நம்பிக்கை வைக்கவும் மனம் ஒப்பவில்லை. அதையும் அதே ரெக்கார்டர்தானே எழுதுகிறது? அதனால் ஒரு பந்தைப் போட்டுப் பார்த்தோம். உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள் கேமராவுக்கு நேராக நின்று, சுவரில் ஒட்டிய நாடாவில் 1.8 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு டென்னிஸ் பந்தைக் கைவிட்டாள். அந்த உயரத்திலிருந்து விழ 0.6 நொடி ஆகும், யார் விட்டாலும். படத்தில் கைவிட்டதிலிருந்து தரையைத் தொடும் வரை ஐந்து முறையில் மூன்று முறை 7 ஃபிரேம், இரண்டு முறை 8. நொடிக்கு 12 என்றால் 7.3 வர வேண்டும். நொடிக்கு 25 என்றால் 15 வந்திருக்க வேண்டும். இதற்கப்புறம் எனக்கு 12-இல் சந்தேகம் இல்லை.

சரி, நேரம் சரியாகிவிட்டது. 14-ஐ 12-ஆல் வகுத்தால் 1.17 நொடி. 38.6 என்றிருந்த வேகம் ஒரே அடியில் 18.5 ஆகிவிட்டது.

அடுத்தது தூரம். ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன்னால், அளவு நாடாவோடு நானும் மகளும் போனோம். டைல் 30 சென்டிமீட்டர் என்பது உண்மைதான். ஆனால் டைலுக்கும் டைலுக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் சிமெண்ட் இடைவெளி இருக்கிறது. 20 டைலுக்கு 6.10 மீட்டர் வந்தது. சின்ன வித்தியாசம்தான், ஆனாலும் அது அளந்த எண். இனிமேல் ஒரு டைல் என்றால் 30.5 சென்டிமீட்டர்.

இந்த இடத்தில் டைல்கள் எனக்குச் செய்த உதவியைச் சொல்ல வேண்டும். கடை வாசலில் இருக்கிற கேமரா அகலக் காட்சி லென்ஸ் கொண்டது. படத்தின் ஓரத்தில் நேர்கோடுகள் வில் மாதிரி வளைகின்றன. கிட்டே உள்ள டைல் பெரிதாகவும் தூரத்து டைல் பாதியாகவும் தெரிகிறது. இந்தப் படத்தில் பிக்சல்களை அளந்து மீட்டராக மாற்றுவது என்று போயிருந்தால், முதலில் லென்ஸின் வளைவை நிமிர்த்தி, பிறகு தரையில் நான்கு புள்ளிகளை அளந்து, மேலிருந்து பார்ப்பது போல படத்தையே மாற்றிப் போட வேண்டியிருக்கும். ஓப்பன்சிவி போன்ற நிரல் தொகுப்பில் அதற்கு வழி இருக்கிறது. தார்ச் சாலையில் போகும் காருக்கு அதைத்தான் செய்தாக வேண்டும். டைல் போட்ட தரையில் அந்தப் பாடு தேவையில்லை. எத்தனை வளைந்தாலும், எத்தனை சுருங்கினாலும் ஒரு டைல் ஒரு டைல்தான். தரை முழுக்க அளவுகோலை அச்சடித்து வைத்தது போல.

ஆனால் அந்த அளவுகோல் தரைக்கு மட்டும்தான் பொருந்தும். இதை எனக்குப் புரிய வைத்தது மகளுடைய கணக்கு. அவளுக்கும் ஒரு பிரதி கொடுத்து, என் எண்ணைச் சொல்லாமல், தனியாகக் கணக்குப் போடச் சொல்லியிருந்தேன். "அப்பா, எனக்கு 44 வருது" என்று வந்து நின்றாள். ஃபிரேம் எண்ணிக்கை 12 என்றே வைத்திருந்தாள், டைலும் சரிதான். என்னம்மா செய்தாய் என்று கேட்டால், சக்கரம் மங்கலாகத் தெரிகிறது, ஹெல்மெட் பளிச்சென்று மஞ்சளாக இருக்கிறது, அதனால் ஹெல்மெட் எந்த டைலின் மேல் தெரிகிறது என்று பார்த்தேன் என்கிறாள்.

தெருவிளக்கைத் தாண்டி இரவில் நடந்திருப்பீர்கள். நாம் சாதாரணமாக நடக்கும்போது நம் தலையின் நிழல் தரையில் நம்மைவிட வேகமாக முன்னால் ஓடும். கேமராவை விளக்காக நினைத்துக்கொண்டால் இங்கே நடப்பதும் அதேதான். ஹெல்மெட் தரையில் இல்லை, தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது படத்தில் எந்த டைலை மறைக்கிறதோ அந்த டைல், அதன் நிழல் விழும் இடம். கேமரா 2.9 மீட்டர் உயரத்தில். கேமராவின் உயரத்தை, கேமராவுக்கும் ஹெல்மெட்டுக்கும் உள்ள உயர வித்தியாசத்தால் வகுத்தால், 2.9-ஐ 1.3-ஆல் வகுத்தால், 2.23 வருகிறது. ஹெல்மெட்டின் நிழல் சைக்கிளைவிட 2.23 மடங்கு வேகமாக ஓடும். மகளுடைய 44-ஐ 2.23-ஆல் வகுத்தால் 19.7. அவள் கணக்கில் பிழையே இல்லை, பார்த்த இடம்தான் வேறு. பின்னால் இருந்த பெட்டியின் மேல்விளிம்பைப் பிடித்திருந்தால்கூட, அது 1.2 மீட்டர் உயரத்தில் இருப்பதால், 1.7 மடங்கு கூடுதலாகக் காட்டியிருக்கும். டயர் தரையைத் தொடுகிற புள்ளியைத் தவிர வேறு எதையும் டைலோடு ஒப்பிடக்கூடாது.

டயர் மங்கலாக இருந்ததற்கும் காரணம் உண்டு. மணி ஏழைத் தாண்டிய நேரம், வெளிச்சம் குறைவு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா நீண்ட நேரம் ஒளியை வாங்குகிறது. ஒரு நொடியில் 25-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் அதற்குள் சைக்கிள் 20 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அந்த 20 சென்டிமீட்டர்தான் படத்தில் இழுபட்ட கறையாகத் தெரிகிறது. கறையின் முன்விளிம்பையே எல்லா ஃபிரேமிலும் எடுத்துக்கொண்டேன். ஒரு ஃபிரேமில் முன்விளிம்பு, இன்னொன்றில் நடுப்பகுதி என்று மாற்றி எடுத்தால்தான் பிழை சேரும்.

முதல் நாள் நான் செய்தது, கோட்டைத் தாண்டும் ஃபிரேமைத் தேடியது. நொடிக்கு 12 ஃபிரேமில் இது மோசமான முறை. இரண்டு ஃபிரேமுக்கு நடுவே சைக்கிள் ஒன்றரை டைல் நகர்ந்துவிடுவதால், கோட்டைத் தொட்ட ஃபிரேம் என்று ஒன்று இருக்காது. அதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றுதான் இருக்கும். அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். ஒவ்வொரு ஃபிரேமிலும் டயர் எத்தனையாவது டைலில் இருக்கிறது? கால் டைல் துல்லியத்துக்கு இதைப் படித்துவிட முடிகிறது. படங்களைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, நான் ஒரு தடவையும் மகள் ஒரு தடவையும் தனித்தனியாகப் படித்து, இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தோம்.

கட்டம் போட்ட தாளில் ஃபிரேம் எண்ணைக் கீழேயும் டைல் எண்ணைப் பக்கத்திலும் வைத்துப் புள்ளிகளை இட்டபோது வந்தது நேர்கோடு இல்லை. ஃபிரேமுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே உள்ள முதல் பத்து இடைவெளிகளில் புள்ளிகள் ஒரே கோட்டில் ஏறுகின்றன, பத்து இடைவெளிக்கு 15 டைல். பிறகு கோடு சாய்கிறது. அடுத்த நான்கு இடைவெளிகளில் 1.4, 1.3, 1.2, 1.1 டைல்தான் நகர்ந்திருக்கிறது. தனி இடைவெளிகளின் எண்களை அப்படியே நம்ப முடியாது, கால் டைல் இப்படியோ அப்படியோ போகும். ஆனால் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைவது தற்செயலாக வராது.

அந்த இளைஞர் பிரேக் பிடித்திருக்கிறார். படத்தை எத்தனையோ தடவை ஓடவிட்டும் எனக்கு அது தெரியவில்லை. குழுவில் "பிரேக்கே போடவில்லை பாருங்கள்" என்று எழுதியவருக்கும் தெரியவில்லை. இரட்டை வேகத்தில், 20 டைலுக்கு ஒரே எண்ணாகச் சராசரி எடுத்தபோது அது மறைந்துவிட்டது. தாளில் வந்த 15 புள்ளிகளில் தெரிந்தது. நான் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரேக்குக்கு முந்தைய வேகம்: 15 டைல் என்றால் 4.58 மீட்டர், 10 இடைவெளி என்றால் 0.83 நொடி, நொடிக்கு 5.5 மீட்டர், அதாவது மணிக்கு 19.8 கிலோமீட்டர். இதை 19.8 என்று எழுதுவது சரியாகாது. டயரைப் படித்ததில் இரண்டு முனையிலும் கால் டைல் தவறியிருந்தால் மூன்று விழுக்காடு போகிறது. ரெக்கார்டர் ஃபிரேம்களைச் சம இடைவெளியில் எடுக்கிறது என்பதற்கும் முழு உத்தரவாதம் இல்லை. கடிகாரத்தில் 11-ம் 13-ம் வந்ததைப் பார்த்தோமே. அதற்கு அரை ஃபிரேம் வைத்தால் ஐந்து விழுக்காடு. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தாலும் 18-க்குக் கீழே போகாது, 22-க்கு மேலே போகாது.

இதை வேறு வழியிலும் சோதிக்க ஆசை. ஒரே கோட்டை முன்சக்கரம் தொடும் நேரத்துக்கும் பின்சக்கரம் தொடும் நேரத்துக்கும் உள்ள இடைவெளியை எடுத்தால், இரண்டு அச்சுக்கும் நடுவே உள்ள தூரமே அளவுகோலாகிவிடும். தரையில் எதுவும் அளக்கத் தேவையில்லை என்பதால் எனக்கு இந்த முறை ரொம்பப் பிடிக்கும். அந்த மாதிரிச் சின்னச் சக்கர சைக்கிளில் அந்தத் தூரம் ஏறக்குறைய 1.05 மீட்டர். ஆனால் 12 ஃபிரேமில் அது இரண்டு ஃபிரேமா மூன்றா என்பதோடு நின்றுவிடுகிறது: இரண்டு என்றால் 23, மூன்று என்றால் 15. நடுவில் எங்கோ என்பதுதான் விடை. இதனால் 19.8-ஐ உறுதிப்படுத்த முடியாது. நாற்பது கிடையாது என்பதை மட்டும் அடித்துச் சொல்லலாம்.

இன்னும் நல்ல சோதனை ஒன்று செய்தோம். என் சைக்கிளில் சக்கரத்தில் மாட்டும் வேகமானி இருக்கிறது. அதே ஞாயிறு காலை, ஆள் நடமாட்டம் இல்லாதபோது, வேகமானியில் 9-ஐ ஒட்டியே வைத்து அதே பாதையில் மூன்று முறை ஓட்டினேன். 20 டைலுக்கு 29, 30, 29 ஃபிரேம். கணக்குப் போட்டால் 9.1, 8.8, 9.1. தெரிந்த வேகத்தை என் முறை சரியாகச் சொல்கிறது என்று ஆனபிறகுதான் தெரியாத வேகத்தைப் பற்றி நாலு பேரிடம் பேச எனக்குத் தைரியம் வந்தது. ஓட்டும்போது இன்னொன்றும் உணர்ந்தேன். மணிக்கு 9 கிலோமீட்டர் என்பது சைக்கிளுக்கு ரொம்பவே மெது. கொஞ்சம் அசந்தால் 12, 13-க்குப் போய்விடுகிறது. நேரத்துக்குச் சாப்பாடு கொண்டுசேர்க்க வேண்டியவருக்கு அதில் நிற்பது எவ்வளவு கடினம் என்பது காலில் தெரிந்தது. அதனால் அவர் செய்தது சரியாகிவிடாது. வரம்பைப்போல இரண்டு மடங்கில் வந்திருக்கிறார்.

அந்த இரண்டு மடங்கு என்ன செய்தது என்பதையும் அதே தாளிலிருந்து படிக்க முடிந்தது. தூணை ஒட்டி வெங்காயப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அம்மாவின் கால் அந்தப் பெட்டிகளைத் தாண்டி வெளியே தெரிவது ஃபிரேம் 1-இல். கோடு சாயத் தொடங்குவது ஃபிரேம் 10-க்குப் பிறகு. நடுவில் 9 ஃபிரேம், முக்கால் நொடி. பார்த்து, புரிந்து, விரலை இறுக்குவதற்கு முக்கால் நொடி என்பது தாமதம் இல்லை; நல்ல கவனத்தோடு இருந்தவர் எடுத்துக்கொள்ளும் நேரம்தான். ஆனால் அந்த முக்கால் நொடியில் சைக்கிள் 4.1 மீட்டர் ஓடிவிட்டது. முதலில் பார்த்த இடத்திலிருந்து அம்மா வரைக்கும் இருந்ததே 6.25 மீட்டர். மிச்சம் இரண்டு மீட்டரில் நிற்க முடியாது. நொடிக்கு நொடி 4 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று வைத்தால், இந்தப் படத்தில் தெரிவதற்கு அது கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது, நிற்க இன்னும் 3.8 மீட்டர் வேண்டும். மொத்தம் 7.9. ஒன்றரை மீட்டருக்கு மேல் இடம் போதவில்லை. பை மாட்டிய இடம் அதுதான்.

அதே இளைஞர், அதே முக்கால் நொடி, அதே பிரேக், மணிக்கு 10 கிலோமீட்டரில் வந்திருந்தால்? பிரேக் பிடிக்கும் முன் 2.1 மீட்டர், பிடித்தபின் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 3 மீட்டரில் நின்றிருப்பார். அம்மாவுக்கு முன்னால் இன்னும் 3 மீட்டர், பத்து டைல், காலியாக இருந்திருக்கும். வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நாலு மடங்காகும் என்று படித்திருக்கிறேன், மகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். எங்கள் கடை வாசல் டைல்களில் எண்ணிப் பார்த்தபோதுதான் அந்த 10 என்ற எண் யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்தது என்று மனதில் பட்டது.

எழுதி வைத்திருந்த பாதிப் புகாரை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். சைக்கிளா மின்சைக்கிளா என்று படத்தில் உறுதியாகத் தெரியவில்லை. வேகம் மணிக்கு 18-க்கும் 22-க்கும் நடுவில். ஓட்டியவர் பிரேக் பிடித்தார், இறங்கி மன்னிப்புக் கேட்டார். பெட்டிகள் பார்வையை மறைத்தன. அளவுகளையும் தாளையும் இணைத்து, கோப்பின் வேகம் தவறு என்ற குறிப்போடு நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு அனுப்பினேன். குழுவில் போட்டிருந்த படத்தை அண்ணன் எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக, முகத்தை மறைத்து, சரியான வேகத்தில் ஓடும்படி மாற்றிய படத்தைப் போட்டோம். "பிரேக்கே போடவில்லை" என்று எழுதியவர் அதைப் பார்த்துவிட்டு, "ஆமாம், குறைக்கிறார்" என்று எழுதினார். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

அம்மாவிடம் தாளைக் காட்டினேன். புள்ளிகளை விரலால் தடவிக்கொண்டே கேட்டார், "நான் கொஞ்சம் பார்த்து எறங்கியிருக்கலாமோப்பா?" ஃபிரேம் 0-வை எடுத்துக் காட்டினேன். பெட்டிகளின் உயரம் அம்மாவின் தலை அளவு. அந்தப் பக்கம் வருவது அம்மாவுக்கும் தெரியாது, அம்மா வருவது அந்தப் பையனுக்கும் தெரியாது. "அப்ப அந்தப் பொட்டியத்தான் மொதல்ல எடுக்கச் சொல்லணும்" என்றார்.

அண்ணனிடம் சொன்னேன். அன்று மதியமே வெங்காயப் பெட்டிகளையும் அரிசி மூட்டைகளையும் தூணிலிருந்து கடைக்குள் தள்ளி, இடுப்புக்கு மேல் அடுக்க வேண்டாம் என்று கடைப் பையனிடமும் சொல்லிவிட்டார். ரெக்கார்டரை 25-க்கு மாற்றட்டுமா என்று கேட்டேன். மாற்றினால் எத்தனை நாள் பதிவு தங்கும் என்று கேட்டார். இப்போது 30 நாள் நிற்பது பாதிக்குக் கிட்டக் குறையும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கல்லாவைப் பார்க்கும் கேமரா பழையபடியே இருக்கட்டும், நடைபாதையைப் பார்க்கிறதை மட்டும் மாற்று தம்பி என்றார். மாற்றிவிட்டு, மறுபடியும் பந்தைப் போட்டு எண்ணினோம். 1.8 மீட்டருக்கு 15 ஃபிரேம் வந்தது.